பிரேக் பிடிக்காவிட்டால், ஏர்பேக் விரியாவிட்டால் விபத்துக்கு யார் பொறுப்பு? சட்டம் கூறுவது என்ன?

புதுடெல்லி: விபத்து நடந்ததும் ஓட்டுநர்கள் கூறும் முதல் விளக்கங்களில் ஒன்று, "பிரேக் பிடிக்கவில்லை" என்பது. காவல் நிலையத்தில் இது பெரும்பாலும் சாக்காகவே பார்க்கப்படுகிறது. ஆனால் இன்றைய கார்களில் பிரேக், ஸ்டீயரிங் முதல் ஏர்பேக் வரை பலவற்றின் செயல்பாட்டில் சென்சார்களுக்கும் மென்பொருளுக்கும் பங்கு இருக்கிறது. இவற்றில் ஒன்று செயலிழந்து உயிரிழப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இந்தியச் சட்டம் இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. காரால் மோதப்பட்டவர் கேட்டால் ஒரு விடை, காருக்குள் இருந்தவர் கேட்டால் வேறொரு விடை என்பதே இன்றைய நிலை.

சாலையில் சென்றவருக்கு இழப்பீடு

மோதப்பட்டவரைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவாகவே உள்ளது. இயந்திரக் கோளாறு என்ற காரணத்தைக் காட்டி வாகன உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ எளிதில் விலகிக்கொள்ள முடியாது.

ஜீப் ஒன்றின் முன்சக்கர டயர் வெடித்து, அது கவிழ்ந்ததில் சாலையில் நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்த வழக்கில், ஓட்டுநரிடம் அலட்சியம் இல்லை என்று கூறி தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவைத் தள்ளுபடி செய்தது. கௌஷ்னுமா பேகம் வழக்கு என்று அறியப்படும் இதில் 2001-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று கூறியது. ஆபத்தை விளைவிக்கக்கூடிய ஒன்றைத் தன் பயனுக்காக வைத்திருப்பவர், அதனால் பிறருக்கு நேரும் கேட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற பழைய ஆங்கிலேயக் கோட்பாட்டை நீதிமன்றம் இதற்கு அடிப்படையாகக் கொண்டது.

மும்பை உயர் நீதிமன்றத்தில் 2023 பிப்ரவரியில் முடிவான வழக்கும் இத்தகையதே. 2010-ஆம் ஆண்டு புனேயில் இருந்து மும்பைக்குச் சென்ற காரின் டயர் வெடித்து, அதில் பயணித்த 38 வயது நபர் உயிரிழந்தார். அவரது குடும்பத்துக்கு ரூ.1.25 கோடி வழங்க உத்தரவிடப்பட்டதை எதிர்த்துக் காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது 'கடவுளின் செயல்' என்பது அந்நிறுவனத்தின் வாதம். மனித சக்திக்கு அப்பாற்பட்ட இயற்கைச் சீற்றத்துக்கே அச்சொல் பொருந்தும், டயரைக் கவனிக்காமல் விட்டது மனித அலட்சியம் என்று கூறி நீதிமன்றம் அதை நிராகரித்தது.

இவை தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, யார் தவறு என்பதை நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் கோர முடியும். இது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஓட்டுநரே உரிமையாளராக இருந்தால்?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். தன் சொந்தக் காரின் கோளாறால் காயமடைந்த உரிமையாளர், மூன்றாம் நபர் காப்பீட்டின் கண்ணுக்கு 'மூன்றாம் நபர்' அல்லர். உயிரிழப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் அவருக்குரியது ரூ.15 லட்சம் வரையிலான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. பழுதடைந்த பாகத்தின் செலவையும் வாகனக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. இயந்திர, மின்சாரக் கோளாறுகள் அதன் விலக்குகளில் இடம்பெற்றுள்ளன. எனவே அவர் தயாரிப்பு நிறுவனத்துக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டியுள்ளது.

அங்கு எழும் முதல் கேள்வி, கோளாறை யார் நிரூபிப்பது என்பதாகும். காரின் மின்னணுப் பதிவுகளைப் படிக்கும் கருவிகளும் நிபுணர்களும் நிறுவனத்திடம் உள்ளனர். நுகர்வோரிடம் இருப்பவை நொறுங்கிய காரின் புகைப்படங்களும் மருத்துவமனை ரசீதுகளுமே. இந்தச் சமமின்மையை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 20 அன்று அளித்த ஹூண்டாய் வழக்குத் தீர்ப்பில் கணிசமாகக் குறைத்தது.

2015 ஆகஸ்டில் ஹூண்டாய் கிரெட்டா கார் வாங்கிய ஒருவர், 2017 நவம்பரில் டெல்லி - பானிபட் நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கினார். ஏர்பேக்குகள் விரியாததால் அவருக்குத் தலை, மார்பு, பற்களில் காயம் ஏற்பட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விசையுடன் முன்புறத்தில் மோதினால்தான் ஏர்பேக் விரியும் என்று நிறுவனம் வாதிட்டது. ஆனால் மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என நீதிபதிகள் வினீத் சரண், அனிருத்தா போஸ் அமர்வு கூறியது. நடந்த நிகழ்வே கோளாறுக்குச் சாட்சி என்ற சட்டக் கோட்பாட்டையும் அமர்வு ஏற்றது. காரை மாற்றித் தருவதுடன் ரூ.3 லட்சம் வழங்க வேண்டும் என்ற உத்தரவு உறுதியானது.

தொகை சிறியதுதான். எனினும் நிரூபிக்கும் சுமை எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது என்பதே முக்கியம்.

காலதாமதம் வேறு கதை. 2006-ஆம் ஆண்டு நாசிக் அருகே நடந்த விபத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் காரின் ஏர்பேக் விரியாதது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது 2024 ஜூலையில். ஏர்பேக் எந்தச் சூழலில் விரியாது என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்காதது முறையற்ற வணிக நடைமுறை என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முடிவு அதில் உறுதி செய்யப்பட்டது. இந்த நீதி கிடைக்க 18 ஆண்டுகள் ஆயின.

புதிய சட்டத்தில் மாறியது என்ன?

மேற்கண்ட இரு வழக்குகளும் பழைய நுகர்வோர் சட்டத்தின் கீழ் தொடங்கியவை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'பொருள் பொறுப்பு' என்ற தனி அத்தியாயத்தையே கொண்டுள்ளது. வடிவமைப்பில் குறை, தயாரிப்பில் குறை, போதிய எச்சரிக்கை தராமை, அளித்த உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பாவார். உத்தரவாதம் அளித்ததில் தன்னிடம் அலட்சியமோ மோசடியோ இல்லை என்று நிரூபித்தாலும் அவர் தப்ப முடியாது என்கிறது 84-ஆவது பிரிவு.

விற்பனையாளரும் விதிவிலக்கல்லர். நிறுவனம் சொல்லாத உறுதிமொழியை ஷோரூமில் அவரே அளித்திருந்தால் 86-ஆவது பிரிவு அவரையும் பொறுப்பாக்கும். தானாகப் பிரேக் போடும், தடம் மாறாமல் காக்கும் என்றெல்லாம் விளம்பரப்படுத்தப்படும் 'அடாஸ்' எனும் ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பத்துக்கு இந்தப் பிரிவுகள் நேரடியாகப் பொருந்தக்கூடியவை. கைகளை ஸ்டீயரிங்கில் இருந்து எடுக்கக் கூடாது, இது உதவி மட்டுமே என்று கையேட்டில் எழுதிவிட்டு, விளம்பரத்தில் கார் தானே ஓடுவதுபோல் காட்டினால் எது உத்தரவாதம் என்ற கேள்வி நிச்சயம் எழும். அதே வேளையில், இத்தகைய கார்களிலும் ஓட்டுபவரே ஓட்டுநர். அலட்சியமாக உயிரிழப்பை ஏற்படுத்தினால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆவது பிரிவு அவர் மீதுதான் பாயும்.

வெளிநாடுகளில் பொறுப்பைப் பகிரும் போக்கு தென்படுகிறது. 2019-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்த விபத்தில் ஓட்டுநருடன் டெஸ்லா நிறுவனத்துக்கும் 33 சதவீதப் பொறுப்பு உண்டு என்று மயாமி நீதிமன்ற ஜூரி 2025 ஆகஸ்டில் முடிவு செய்தது. தானியங்கி வாகனங்களுக்கென பிரிட்டன் 2024-இல் தனிச் சட்டமே இயற்றியது.

பரேலி எழுப்பிய கேள்வி

கோளாறு காரில் இல்லாமல் கைப்பேசியில் இருந்தால்? உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே 2024 நவம்பரில், ஒரு பகுதி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தில் இருந்து ராமகங்கை ஆற்றுக்குள் கார் விழுந்து மூவர் உயிரிழந்தனர். அவர்கள் கூகுள் மேப்ஸ் காட்டிய வழியில் சென்றதாகக் கூறப்பட்டது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் நால்வருடன், பெயர் குறிப்பிடப்படாத கூகுள் மேப்ஸ் அதிகாரி மீதும் வழக்குப் பதிவு செய்யப்பட்டது.

ஆனால் முதல் தகவல் அறிக்கை குற்றத்தை உறுதி செய்வதாகாது. இழப்பீடு என்று வந்தாலும் தடை உண்டு. கட்டணமின்றி வழங்கப்படும் சேவையை நுகர்வோர் சட்டம் 'சேவை' என்ற வரையறையில் சேர்க்கவில்லை. பாலத்தின் முனையில் தடுப்பு வைக்காதவர்களின் பொறுப்பை நிறுவுவது இதைவிட எளிது.

சாட்சியம் அழியும் முன்

நடைமுறையில் பல வழக்குகளின் போக்கைத் தீர்மானிப்பது விபத்துக்குப் பிந்தைய சில நாள்களே. மோட்டார் வாகன ஆய்வாளரின் ஆய்வறிக்கை முக்கிய ஆவணம் என்பதால், அந்த ஆய்வு முடியும் முன் காரைப் பழுதுநீக்கக் கொடுத்தால் கோளாறின் தடயமும் போய்விடும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. சர்வீஸ் பதிவேடும், நிறுவனம் அனுப்பிய திரும்பப் பெறும் அறிவிப்பும் பாதுகாக்கப்பட வேண்டியவை.

வெளியில் பொருத்தும் கூடுதல் பாகங்களிலும் எச்சரிக்கை தேவை. பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 87-ஆவது பிரிவு. காரின் முன்புறம் பொருத்தப்படும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களை அறிவுறுத்தியது.

குறைபாடுள்ள கார்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி மத்திய அரசுக்கு உள்ளது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க, அதற்கான காரணம் எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. காருக்குச் செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தையும், ரூ.2 கோடி வரை என்றால் மாநில ஆணையத்தையும், அதற்கு மேல் தேசிய ஆணையத்தையும் அணுக வேண்டும்.