மலைநாட்டு அரசியர் – 7: மது மயக்கத்தில் வந்த ஒரு சொல்

மன்னாரில் பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் வளர்ந்து, அவர்களால் தோனா கத்தரீனா என்று ஞானஸ்நானப் பெயர் சூட்டப்பெற்ற குசுமாசன தேவியார், 1594ஆம் ஆண்டில் தந்துரேப் போருக்குப் பின் தம்மைச் சிறைபிடித்த விமலதர்மசூரியனுக்கே பட்டத்தரசியான வரலாற்றைச் சென்ற வாரங்களில் கண்டோம். தொடர்ந்து வாசிப்போருக்கு அதை மீண்டும் விரித்துரைப்பது அநாவசியம், இடையில் வந்து சேர்ந்தோருக்கு இவ்வளவு போதும். 1604இல் விமலதர்மசூரியன் காலமான பின் ராணியார் அரசியற் பொறுப்பை எவ்விதம் கையாண்டார் என்பதை இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்கு ஓராண்டு முன் மட்டக்களப்புக் கரையில் நிகழ்ந்த சம்பவமொன்று என்னைப் பிடித்துக்கொண்டு, பத்திராதிபரிடமிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கும் இந்நேரம் வரையில் வேறெதையும் எழுதவிடவில்லை.

நம் பாடசாலைச் சரித்திர நூல்கள் இவ்வரசியாரைப் பற்றிச் சொல்லுவதெல்லாம் ஒரு பரிசுப் பொருளைப் பற்றிச் சொல்லும் விதமாகவே இருக்கின்றது. கண்டியை முன்னர் ஆண்ட கரலியத்தை பண்டாரவின் ஒரே மகள் என்பதால் கண்டி ராச்சியத்தின் உரிமை அவரிடம் இருந்தது. ஆகவே அவரை மணந்தவன் அரசனானான். அவன் இறந்தபின் அவரை மணந்த செனரத்தும் அரசனானான் என்று எழுதிவிட்டு, ராணியாரை அந்தப்புரத்தில் அமர்த்திக் கதவைச் சாத்திவிடுகின்றார்கள். உரிமை ஒருவரிடத்திலும் அதிகாரம் மற்றொருவரிடத்திலும் இருக்கும் ராச்சியத்தில், அதிகாரம் உடையவன் உரிமை உடையவரின் முகத்தை நோக்காமல் ஒருநாளேனும் ஆள முடியுமா என்று அவர்கள் கேட்பதில்லை. கொனப்பு பண்டாரனாகப் பிறந்து, லெப்பாந்தோ கடற்போரில் வென்ற வீரனின் பெயரைத் தழுவி தொம் ஜுவான் தெ ஆஸ்திரியா என ஞானஸ்நானம் பெற்று, பின்னர் அவ்விரண்டு பெயர்களையும் உதறி விமலதர்மசூரியன் எனத் தன்னை அழைத்துக்கொண்ட அம்மனிதனுக்கு, வாளால் வென்ற நாட்டைத் தனதென்று சொல்ல வாள் மட்டும் போதாது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தது என்பதற்கு அத்தாட்சி ஒல்லாந்தரின் எழுத்திலேயே கிடைக்கின்றது. 1602ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் நங்கூரமிட்ட யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் கப்பற்றலைவன், விந்தனை வழியாகக் கண்டிக்கு அழைத்துவரப்பட்டான். அவ்விந்தனை இன்றைய மகியங்கனை. குண்டசாலையைக் கடந்து கிழக்கே செல்லும் பெருவீதியில் பேருந்தேறுவோர் பதினெட்டு வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சேருமிடம். ஸ்பில்பேர்கன் கொணர்ந்த காணிக்கைகளுள் ஒராஞ்சு இளவரசர் மோரிஸ் குதிரைமீது அமர்ந்து போர்க்கோலம் கொண்ட பெரிய சித்திரமொன்றும் இருந்தது. அரசன் அதைத் தன் அறையிலேயே மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தானாம். போகும்போது வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்களையும் ஸ்பில்பேர்கன் அரசனிடம் விட்டுச் சென்றான் என்பதையும், கண்டி ராஜன் அவர்களிடம் ஐரோப்பிய வாத்தியம் பயின்றான் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இவையெல்லாம் ஒருபுறமிருக்க, நான் கவனிப்பது வேறொன்று. அரசன் அந்த அந்நியனை ராணியாரின் அறைக்கே அழைத்துச் சென்றான். அங்கே குசுமாசன தேவியார் தம் மகனுடனும் மகளுடனும் வீற்றிருந்தார். மூவரும் கிறிஸ்தவர்களின் பாணியில் உடுத்தியிருந்தார்கள்.

கண்டியரசின் அந்தரங்கத்தில் பறங்கி உடையில் ஓர் அரசி! பறங்கியரைத் துரத்தி அரசனானவன், அவர்களுடைய பகைவரை வரவழைத்து, அவர்களுடைய உடையிலேயே தன் குடும்பத்தை அவர்முன் நிறுத்திய இக்காட்சியைச் சிலர் மன்னாரில் பெற்ற வளர்ப்பின் மிச்சம் என்று சொல்லிக் கடந்துவிடுவர். மன்னாரில் அவர் பெற்றது உடை மட்டுமன்று. அத்தீவின் தமிழ்ப் பேச்சும், முத்துக்குளிப்போரின் ஆரவாரமும், கோட்டைப் பாதிரிமாரின் ஜெபமும் நித்தமும் செவியில் விழ வளர்ந்த பெண் அவர். எதிரியின் வீட்டிலே அவர்களுடைய பலத்தையும் பலவீனத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டவர், சபையிலிருந்த பிரதானிகளுள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஸ்பில்பேர்கன் கண்ட அக்காட்சி மனையாளை விருந்தாளிக்கு அறிமுகம் செய்யும் சாதாரண உபசாரம் அன்று. இவ்வரசின் உரிமை இங்கே அமர்ந்திருக்கின்றது என்று காட்டிய ராஜதந்திரம் என்பதே என் கருத்து.

அக்கருத்துக்கு வலுச்சேர்ப்பது அரசன் அதே சந்திப்பில் கூறிய பிரசித்திபெற்ற வாக்கு. ஒல்லாந்தர் தன் நாட்டில் கோட்டை கட்டுவதாயின், தானும் ராணியும் இளவரசனும் இளவரசியும் தம் தோள்களிலேயே கல்லும் சாந்தும் சுமந்து தருவோம் என்று அவன் சொன்னதாக ஸ்பில்பேர்கனின் பயணக்குறிப்பு கூறுகின்றது. இதை எடுத்தாள்வோர் கல்லையும் சாந்தையும் வியக்கின்றார்கள். யார் யார் சுமப்பதாகச் சொன்னான் என்பதை நோக்குவதில்லை. பிரதானிகள் சுமப்பார்கள் என்றோ, குடிகள் சுமப்பார்கள் என்றோ அவன் சொல்லவில்லை. ராணியின் தோளையும் சேர்த்துச் சத்தியம் செய்தான்.

இனி அடுத்த வருஷத்துக்கு வருவோம். செபால்ட் டி வீர்ட் என்னும் ஒல்லாந்தக் கப்பித்தான் 1603இல் பெருங்கப்பற்படையுடன் மட்டக்களப்புக்கு வந்தான். இவன் சாமானியன் அல்லன்; மகெல்லன் நீரிணையின் புயலிலும் பசியிலும் மாதக்கணக்காக அகப்பட்டு உயிர்பிழைத்து, 1600இல் தென் அத்திலாந்திக்கில் சில தீவுகளைக் கண்டு, நெடுங்காலம் கடற்படங்களில் தன் பெயராலேயே அவை குறிக்கப்படும் பாக்கியம் பெற்றவன். முதல் வருகையிலேயே கண்டிக்கு வந்து அரசனைக் கண்டு, பறங்கியருக்கு எதிராகக் கூட்டுப்போர் செய்வதாக ஒப்புக்கொண்டு, அச்சே சென்று படையுடன் திரும்பியிருந்தான். எல்லாம் சரியாக நடந்திருக்கவேண்டியது. ஆனால் வழியிற் பிடிபட்ட பறங்கிக் கப்பல்களிலிருந்தோரைத் தன்னிடம் ஒப்படைப்பான் என்று எதிர்பார்த்திருந்த அரசனுக்கு, அவர்களை அவன் விடுதலை செய்துவிட்ட செய்தியே முதலில் எட்டிற்று.

அரசன் மட்டக்களப்புக்கு இறங்கிவந்தான். விருந்து நடந்தது, கப்பித்தான் மிதமிஞ்சிக் குடித்திருந்தான். அரசனையும் பரிவாரத்தையும் கப்பலுக்கு வந்து பார்க்கும்படி அவன் வற்புறுத்த, பறங்கியரைத் தப்பவிட்டவனின் கப்பலில் கால்வைப்பதா என்ற ஐயத்தில் அரசன் மறுத்து, ராணி கண்டியில் தனித்திருக்கின்றாள், நான் திரும்பவேண்டும் என்று சாக்குச் சொன்னான். அதற்கு டி வீர்ட், ராணிக்கு ஆண் துணைக்கா பஞ்சம் என்னும் பொருள்பட, மது மயக்கத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டான். அந்த நாயைக் கட்டுங்கள் என்று அரசன் போர்த்துக்கேய பாஷையிலே கட்டளையிட்டான். கட்டவந்தவர்களைக் கப்பித்தான் எதிர்க்க, ஒருவன் வாளால் அவன் தலையைப் பிளந்தான். கரையிலிருந்த ஒல்லாந்தர் ஏறத்தாழ 50 பேர் அன்றே மாண்டனர். பின்னர் கப்பல்களில் எஞ்சியிருந்தோருக்கு, அதே பாஷையில், அரசன் எழுதிய சிறு நிருபம் போயிற்று: குடிகாரன் நல்லவனல்லன், கடவுள் நீதி செய்தார், சமாதானம் வேண்டுமாயின் சமாதானம், யுத்தம் வேண்டுமாயின் யுத்தம் என்பது அதன் சாரம். மகெல்லன் நீரிணை கொல்லாத மனிதனை மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வார்த்தை கொன்றது.

அரசன் கோபத்துக்கு உண்மையான காரணம் விடுவிக்கப்பட்ட கைதிகளே, ராணியைப் பற்றிய சொல் வெறும் சாக்கு என்பார் உளர். கைதிகளின் விஷயம் பெரிது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் அதைப் பொறுத்துக்கொண்டு விருந்தில் அமர்ந்திருந்தவன் எச்சொல்லுக்குப் பொறுக்காது எழுந்தான் என்பதே கேள்வி. தந்தையின் சிங்காசனம் மகளின் மூலமாகவே தனக்கு வந்தது என்று நாடறிய ஆளும் ஒருவனுக்கு, அம்மகளின் கற்பைப் பற்றிய ஏளனம் தன் மகுடத்தின்மீது வீசப்பட்ட சேறாகவே தோன்றும். தான் இழித்துரைப்பது ஒருவன் மனைவியை என்று டி வீர்ட் நினைத்தான். இழித்தது ஒரு ராச்சியத்தின் உரிமைப்பத்திரத்தை.

இதை எழுதும்போது இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் மலைநாட்டில் வாழ்ந்த ஜோன் என்னும் சீமாட்டியின் நினைவு வருகின்றது. இங்கிலாந்தரசன் ஜானின், முறைப்படியான மணத்திற் பிறவாத மகள். மலைநாட்டு வேந்தன் லெவெலினுக்கு மனைவி. 1211இல் தகப்பன் படையெடுத்து வந்து கணவன் நாட்டை நசுக்கியபோது, தகப்பனிடம் சென்று பேசி உடன்பாடு கண்டவர் இவரே. 1230இல் வில்லியம் தெ பிரயோஸ் என்னும் எல்லைப்புறப் பிரபு இவருடைய பள்ளியறையில் அகப்பட, லெவெலின் அவனைத் தூக்கிலிட்டான். ஆச்சரியம் என்னவென்றால், அப்பிரபுவின் மகளை லெவெலின் தன் மகனுக்கு மணமுடிக்கச் செய்திருந்த ஏற்பாடு அதனாற் குலையவில்லை. கலியாணம் நடந்தே தீர்ந்தது! ஜோனும் சிறிது காலம் காவலில் இருந்து மீண்டும் அரசியாகவே திரும்பினார். 1237இல் அவர் இறந்தபோது கணவன் அவர் நினைவாக ஒரு துறவிமடமே எழுப்பினான். பெரும் வல்லமைகளை அடுத்துள்ள மலைநாடுகளில் அரசியர் பேரில் எழும் அவதூறுகூட ராஜீய விவகாரமாகிவிடுகின்றது. வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே கணவனின் நாட்டுக்கு மனைவி தூதுரைத்தார், இங்கே நாடே மனைவியினுடையது.

குண்டசாலை வாசகர்கள், எங்கள் ஊர் அரண்மனை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டேயிருக்கின்றார்கள். அவர்களுக்காக ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்கின்றேன். மகாவலி அணைத்தோடும் இவ்வூரில் வாசம் செய்த நரேந்திரசிங்கன் நம் குசுமாசன தேவியாருக்குக் கொள்ளுப்பேரன். செனரத்தை மணந்து அவர் பெற்ற இரண்டாம் ராஜசிங்கனின் பேரன். அவன் மதுரையிலிருந்து அரசியை வருவித்தான். 1739இல் அவன் இறந்தபோது சிங்காசனம் அந்த அரசியின் தம்பிக்கே போயிற்று. அவனே ஸ்ரீ விஜயராஜசிங்கன், கண்டியை ஆண்ட நாயக்கருள் முதல்வன். ஒரு பெண்ணின் உரிமையால் தொடங்கிய வம்சம் மற்றொரு பெண்ணின் உறவால் வேறு வம்சத்துக்குக் கைமாறிற்று. அதற்கு இன்னும் பல வாரங்கள் உள்ளன.

டி வீர்ட் இறந்த மறுவருஷமே விமலதர்மசூரியனும் இறந்தான், பிள்ளைகள் சிறுவர், கொழும்பில் பறங்கியர் காத்திருந்தனர், அரசுரிமைக்குப் போட்டியிட்டோருள் செனரத் காவியுடை களைந்து வந்தவன். ராணியார் என்ன செய்தார் என்பதை அடுத்த வாரம் எழுதுகின்றேன். கப்பித்தான்கள் எவரும் குறுக்கிடமாட்டார்கள் என்று நம்புகின்றேன், போஷொவர் என்னும் மற்றோர் ஒல்லாந்தன் 1612இல் வந்து சேருகின்றான் என்பதை இப்போதைக்கு மறைத்துவைக்கின்றேன்.

(தொடரும்)