மட்டாஞ்சேரி யூதர் தெருவில் தொடர்ந்த ஊசிவேலை: சாரா கோஹன் விட்டுச் சென்ற கைத்தொழில்

கொச்சி: கேரள மாநிலம் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியில் யூதர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனினும், அவர்களது வழிபாட்டுக்குரிய துணிப் பொருள்களைத் தைக்கும் கைத்தொழில் அவர்களுடனேயே மறைந்துவிடவில்லை.

யூதர் தெருவில் எம்பிராய்டரி கடை நடத்திவந்த சாரா கோஹன், 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி தமது 96-ஆவது வயதில் காலமானார். அவரது கடையில் விற்பனையான கைத்தையல் பொருள்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, வழிபாட்டின்போது யூத ஆண்கள் அணியும் வட்டவடிவச் சிறு தொப்பியான 'கிப்பா'. மற்றொன்று, 'ஹல்லா' என்னும் ரொட்டியை மூடும் துணி. வெள்ளிக்கிழமை மாலையில் ஓய்வு நாள் தொடங்கும்போது, உணவு மேசையில் இரண்டு ரொட்டிகள் வைக்கப்படும். திராட்சை ரசத்துக்கான ஆசியுரை முடியும்வரை அவை மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது மரபு. இத்துணியில் எபிரேய எழுத்துகளையும் பூவேலைப்பாடுகளையும் தைப்பது வழக்கம்.

1948-இல் இஸ்ரேல் உருவான பின்னர், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கு குடிபெயர்ந்தனர். யூத மரபுப்படி கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது 10 ஆண்கள் தேவை. 1568-இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில், உள்ளூர் யூதர்களை மட்டும் கொண்டு அந்த எண்ணிக்கையை எட்ட இயலாத நிலை ஏற்பட்டது.

தையலுக்கோ அத்தகைய நிபந்தனை இல்லை; கற்றுக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும். சாராவிடம் ஊசிவேலை பயின்று, இறுதிவரை அவரைக் கவனித்துக்கொண்ட இஸ்லாமியரான தாஹா இப்ராஹிம், சாராவின் மறைவுக்குப் பிறகும் அக்கடையைத் தொடர்ந்து நடத்தினார்.