என்ஜின் ஆஃப்.. ஆனா கேபின் கதகதப்பு! டீசல் ஹீட்டர் எப்படி வேலை செய்யுது? எதில் உஷாரா இருக்கணும்?

வெளியே மைனஸ் 20 டிகிரி குளிர். நார்வே, கனடா போன்ற நாடுகளில் சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் உள்ளேயே தூங்குகிறார். என்ஜின் ஓடவில்லை. ஆனாலும் கேபின் கதகதப்பாக இருக்கிறது. காரணம், உள்ளே பொருத்தியிருக்கும் சின்ன டீசல் ஹீட்டர்.

எப்படி இயங்குகிறது?

லாரியின் டேங்கில் இருந்து ஒரு குட்டி பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக டீசலை அனுப்பும். பேட்டரி கரண்ட்டில் பழுக்கச் சூடாகும் குளோ பிளக் அதைப் பற்றவைக்கும். தீ நிலைத்து எரியத் தொடங்கியதும் பிளக் ஆஃப் ஆகிவிடும். எரியும் அறையைச் சுற்றியுள்ள உலோகம் சூடாக, கேபின் காற்றை அதன் மேல் ஃபேன் ஊதும். தீ எரியத் தேவையான காற்று வெளியில் இருந்தே வரும். புகையும் தனிக் குழாய் வழியாக வெளியே போய்விடும். இரண்டும் கேபின் காற்றோடு கலக்காது.

என்ன லாபம்?

பெரிய லாரி என்ஜினை சும்மா ஓடவிட்டால் மணிக்கு சுமார் 3 லிட்டர் டீசல் காலி. 2 கிலோவாட் ஹீட்டருக்கு கால் லிட்டரே போதும்.

ஆபத்து எங்கே?

புகைக் குழாயில் ஓட்டை விழுந்தாலோ, அதன் வாய் பனியில் புதைந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அதனால் கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம். மூடிய ஷெட்டிலும் பெட்ரோல் பங்க்கிலும் ஹீட்டரை ஆன் செய்யவே கூடாது.

இன்னொரு விஷயம்.. சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடும். உள்சூட்டைத் தணிக்கத்தான் அது. அதற்குள் பேட்டரி இணைப்பைக் கழற்றினால் ஹீட்டரே பழுதாகலாம்.