கம்ப்யூட்டருக்கு ஏன் மூக்கு இல்லை?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. போட்டோ அனுப்ப முடிகிறது. பாட்டு அனுப்ப முடிகிறது. முகம் பார்த்துப் பேச முடிகிறது. வாசனையை மட்டும் ஏன் அனுப்ப முடிவதில்லை?

நான் வசிப்பது திருவண்ணாமலையில். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தை, வெளிநாட்டில் இருப்பவர்களும் கம்ப்யூட்டரில் நேரடியாகப் பார்க்கிறார்கள். ஆனால் கோயிலில் கமழும் நெய், கற்பூரம், மல்லிகை வாசனை அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. இதற்குக் காரணம் இன்டர்நெட்டின் வேகம் அல்ல. நம் மூக்கு இயங்கும் விதம். அதைத் தெரிந்து கொண்டால், கம்ப்யூட்டரில் ஏற்படும் சில ஆபத்தான கோளாறுகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கவும் முடியும். இரண்டையும் இங்கு பார்க்கலாம்.

வாசனை என்பது என்ன?

ஒரு பொருளிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் மிக நுண்ணிய மூலக்கூறுகள் நம் மூக்கை அடைவதுதான் வாசனை. கற்பூரத்தைத் திறந்து வைத்தால் சில நாட்களில் காணாமல் போகிறது அல்லவா? அது திரவமாக உருகாமல் நேராக ஆவியாகி விடுகிறது. அதனால்தான் கொளுத்துவதற்கு முன்னரே அது மணக்கிறது. கண்ணாடி டம்ளர் அப்படி ஆவியாவதில்லை. எனவே அதற்கு வாசனையும் இல்லை.

மூச்சுடன் உள்ளே செல்லும் இந்த மூலக்கூறுகள், மூக்கின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறிய ஈரமான சவ்வில் படிகின்றன. அங்கு பல லட்சம் நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு வகை ஏற்பி மட்டும் இருக்கும். மனிதர்களுக்கு இவ்வாறு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களை 1991-ல் கண்டறிந்து அறிவித்தவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள். இவர்களுக்கு 2004-ல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

400 கீ உள்ள கீ போர்ட்

400 வகை ஏற்பிகள் என்றால் 400 வாசனைகள் மட்டும்தான் தெரியுமா? இல்லை. உங்கள் கீ போர்டில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்று கீகளையும் தனித்தனியே அழுத்தினால் ஒரு பலன். சேர்த்து அழுத்தினால் வேறு பலன். மூக்கிலும் அப்படித்தான். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குப் பதில் தரும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்ற அமைப்பைப் பார்த்துத்தான் மூளை இது மல்லிகை, இது கற்பூரம் என்று முடிவு செய்கிறது.

ஒரே வகை ஏற்பி கொண்ட செல்களின் இழைகள் எல்லாம், மூளையின் அடிப்பகுதியில் உள்ள நுகர்ச்சிக் குமிழில் தங்களுக்கென உள்ள முடிச்சுகளில் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு கேபிளுக்கும் அதற்குரிய போர்ட் இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கிருந்து செய்தி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு விரைவாகச் செல்கிறது. விபூதி வாசனை வந்தவுடன் பாட்டி வீடு நினைவுக்கு வருவது இதனால்தான்.

வாசனையின் அளவு மாறினாலும் முடிவு மாறலாம். மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு கலந்துள்ளது. அதே இண்டோல் அதிக அளவில் வந்தால் மூக்கைப் பொத்திக் கொள்வோம்.

மானிட்டரால் முடிவது ஏன் வாசனையில் முடியவில்லை?

நிறங்களைப் பிரித்தறிய நம் கண்ணில் மூன்று வகை செல்களே உள்ளன. எனவே சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ணங்களைக் கலந்து, லட்சக்கணக்கான நிறங்களை மானிட்டர் காட்டி விடுகிறது. வாசனைக்கு இப்படி மூன்று அடிப்படை மணங்கள் கிடையாது.

முயற்சிக்காமல் இல்லை. அமெரிக்காவில் டிஜிசென்ட்ஸ் என்ற நிறுவனம் 1999-ல் ஐஸ்மெல் என்ற சாதனத்தை அறிவித்தது. பிரிண்டரில் இங்க் கார்ட்ரிட்ஜ் இருப்பது போல, 128 வாசனைப் பொருட்கள் கொண்ட கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கம்ப்யூட்டருடன் இணைப்பது திட்டம். சாதனம் விற்பனைக்கு வருவதற்கு முன்னரே, 2001-ல் நிறுவனம் மூடப்பட்டது.

வாசனையை அனுப்புவதை விட, அறிந்து கொள்வதில் முன்னேற்றம் அதிகம். எலெக்ட்ரானிக் மூக்கு என்னும் கருவியின் முதல் மாதிரியை 1982-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகிய இருவரும் வெளியிட்டனர். நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையம், தேயிலையின் தரத்தை மணத்தால் அறிய இத்தகைய கருவியை உருவாக்கியது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 5,000 மூலக்கூறுகளைக் கொண்டு பயிற்சி தரப்பட்ட புரோகிராம் ஒன்று, ஒரு மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்தே அதன் வாசனை எப்படி இருக்கும் என்று கணித்தது. ஆனாலும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்லை. அதன் உள்ளே ஏதேனும் கருகினால், அதை முகர்ந்து அறிய வேண்டியவர் நீங்கள்தான்.

மூக்கின் பலவீனம்

பூக்கடைக்குள் நுழைந்ததும் மணம் ஆளைத் தூக்கும். சில நிமிடங்கள் நின்றால் ஒன்றும் தெரியாது. நாள் முழுவதும் அங்கேயே அமர்ந்து பூ கட்டுபவருக்கு மணமே தெரிவதில்லை. மூக்கு முக்கியமாக மாற்றத்தைத்தான் தெரிவிக்கிறது; மாறாமல் இருப்பதைச் சிறிது நேரத்தில் விட்டு விடுகிறது. எனவே, வாசனை நின்று விட்டது என்றால் ஆபத்து நின்று விட்டது என்று எடுத்துக் கொள்ளக் கூடாது. முதல் முறை மூக்கில் பட்டதும் செயல்பட வேண்டும். சந்தேகம் இருந்தால், வெளியில் இருந்து வரும் ஒருவரை அறை வாசலில் நின்று முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, கவனிக்க வேண்டிய வாசனைகளைப் பார்க்கலாம்.

1. புது வாசனை: புதிய கம்ப்யூட்டர் சூடாகும்போது முதல் சில நாட்கள் லேசான பிளாஸ்டிக் வாசனை வரலாம். நாளடைவில் குறைந்து விடும். கூடிக் கொண்டே போனால் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

2. கருகல் வாசனை: செய்து கொண்டிருக்கும் வேலையை சேவ் செய்யக் கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே சுவரில் உள்ள சுவிட்சை ஆஃப் செய்திடுங்கள். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. அழுகிய முட்டை வாசனை: யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரலாம். இது நச்சு வாயு. அதிக அளவில் இருந்தால் முகரும் திறனையே மழுங்கடித்து விடும். உடன் வெளியாகும் ஹைட்ரஜனுக்கு வாசனையே இல்லை, ஆனால் தீப்பற்றும். அருகில் சென்று முகராதீர்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து விட்டு வெளியேறுங்கள். வேறு இடத்தில் உள்ள மெயின் சுவிட்சை நிறுத்தி, சர்வீஸ் ஆளை அழையுங்கள்.

4. இனிப்பு கலந்த ரசாயன வாசனை: லேப்டாப், மொபைல் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரி கசிந்தால் இப்படி வரலாம். பேட்டரி உப்பியிருந்தாலும் ஆபத்துதான். சார்ஜ் செய்வதை நிறுத்தி, எளிதில் தீப்பற்றும் பொருட்களிடமிருந்து தள்ளி வையுங்கள். மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

5. கேஸ் வாசனை: சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். இந்த வாசனை வந்தால் கம்ப்யூட்டர் உட்பட எதையும் ஆன் செய்யவோ ஆஃப் செய்யவோ கூடாது. சுவிட்சில் வரும் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பின் 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

இரவில் கவனம்

தூங்கும்போது மூக்கை நம்ப முடியாது. 2004-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆழ்ந்து தூங்குபவர்களை வாசனை எழுப்பவில்லை, ஒலிதான் எழுப்பியது. எனவே லேப்டாப்பைப் படுக்கையில் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடாதீர்கள். ஜலதோஷம் பிடித்தவர்கள், கோவிட் வந்த பின் வாசனை சரியாகத் தெரியாதவர்கள், முதியவர்கள் ஆகியோர் வீட்டில் புகை வந்தால் ஒலி எழுப்பும் அலாரம் ஒன்றைப் பொருத்துவது நல்லது.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் திரையைப் பார்க்கிறோம், ஃபேன் சத்தத்தைக் கேட்கிறோம். அத்துடன் ஒரு முறை மூச்சை இழுத்து முகர்ந்து பார்க்கவும் பழகுங்கள். வழக்கமான வாசனை எது என்று தெரிந்திருந்தால்தான், வழக்கத்திற்கு மாறானது வரும்போது உடனே பிடிபடும்.