மரம் மக்கிய மண்ணை வாசித்தல்

கி.பி. 410ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் ரோமர் ஆட்சி முடிவுற்றது. அதனைத் தொடர்ந்த ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் 'இருண்ட காலம்' என்றே எழுதி வந்தனர். எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு; புதிய காசுகளின் வரவு ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று; கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டும் வழக்கம் அருகிற்று. மக்கள் மரத்தால் கட்டினார்கள். மரமோ பெரும்பாலான இடங்களில் மக்கி மறைந்துவிட்டது. கற்சுவரைத் தேடிய முற்காலத்து அகழாய்வாளர்கள் ஒன்றும் காணாமையால், அங்கு ஒன்றுமே இருந்ததில்லை என்று முடிவு செய்தனர். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்த்தியதே அண்மைக்கால அகழாய்வின் பெரும் பணி எனலாம்.

மறைந்த மரத்தை எவ்வாறு காண்பது? தூண் நடுவதற்குக் குழி தோண்டுகிறோம். தூணை நிறுத்திச் சுற்றிலும் மண்ணும் கல்லும் இட்டு இறுக்குகிறோம். பின்னாளில் தூண் மக்கும்போது அதன் இடத்தில் வேறு மண் வந்து நிரம்புகிறது. அம்மண் நிறத்திலும் தன்மையிலும் வேறுபடும். மேல்மண்ணைக் கவனமாகச் சுரண்டினால் வெளிர் நிலத்தில் கரிய வட்டங்கள் வரிசையாகத் தோன்றும். அவ்வரிசையே சுவர், இடையில் விடுபட்ட இடம் வாசல்.

சில வேளைகளில் தோண்டாமலே இத்தடம் வெளிப்படுவதுண்டு. பழங்குழியின் மண்ணில் ஈரம் மிகுதியாதலால், வறண்ட கோடையில் அதன்மேல் விளையும் பயிர் மட்டும் பசுமை குன்றாது நிற்கும். நார்தம்பர்லாந்திலுள்ள யீவரிங் என்னும் இடத்தை 1949இல் வானிலிருந்து எடுத்த நிழற்படமே காட்டிக்கொடுத்தது. பிரையன் ஹோப்-டெய்லர் 1952 முதல் 1962 வரை அங்கு அகழ்ந்து, ஏழாம் நூற்றாண்டு அரசர்களின் மரத்தாலான பெருமண்டபங்களின் தடங்களை வெளிக்கொணர்ந்தார். ரோமர் அரங்கின் ஒரு துண்டை வெட்டி வைத்தாற்போன்ற, ஆப்பு வடிவிலான மரப் படிமேடை ஒன்றன் அடித்தளமும் அங்குக் கிடைத்தது. எட்வின் அரசனின் அரண்மனை இருந்ததாக பீட் என்னும் துறவி 731இல் முடித்த தம் வரலாற்றில் குறித்த இடம் இதுவே என்று அறிஞர்கள் கொள்கின்றனர். ஏட்டில் ஒரு பெயராக மட்டும் இருந்த ஊர், மண்ணில் உருவம் பெற்றது.

ஆனால் தடத்தைக் காண்பது வேறு, அதன் பொருளை அறிவது வேறு. 1920களில் லீட்ஸ் என்னும் ஆய்வாளர் சட்டன் கோர்ட்னியில் பல பள்ளங்களை அகழ்ந்து, அக்கால மக்கள் அப்பள்ளங்களிலேயே அழுக்கில் உழன்று வாழ்ந்தனர் என்று கருதினார். பின்னர் 1965 முதல் 1972 வரை சஃபோக் மாவட்டத்து வெஸ்ட் ஸ்டோவில் இத்தகைய குடில்கள் பல அகழப்பட்டன. எரிந்துபோன குடில்களின் கருகிய பலகை எச்சங்களைக் கொண்டு, பள்ளத்தின்மேல் பலகைத் தளம் இருந்தது என்று ஸ்டேன்லி வெஸ்ட் வாதிட்டார். பள்ளம் ஒன்றே, தளம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கான விடை மாறியதும், ஒரு சமுதாயத்தைப் பற்றிய மதிப்பீடே மாறிவிட்டது.

குழியே தோண்டாமல் கட்டியிருந்தால் என்செய்வது? ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பர்டாஸ்வால்ட் கோட்டையில், ரோமர் களஞ்சியம் இருந்த இடத்தில் பிற்காலத்தார் எழுப்பிய மண்டபத்தின் தூண்கள் தரையில் பதித்த கற்களின்மீதே நின்றன. 1987இல் தொடங்கிய அகழாய்வில் அக்கற்களின் ஒழுங்கே அதனைக் காட்டிற்று.

இதனினும் நுண்ணியது ஷ்ராப்ஷயரிலுள்ள ராக்ஸெட்டர் எனும் ரோம நகரின் வழக்கு. குளியல் கட்டடத்தை ஒட்டிய பெருங்கூடத்தின் இடிபாடுகளை பிலிப் பார்க்கர் 1966 முதல் 1990 வரை அகழ்ந்தார். குறுக்கே பள்ளம் வெட்டும் பழைய முறையைக் கைவிட்டு, பரந்த வெளியைத் திறந்து, கல் கல்லாக வரைந்தார். பொறுமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. சமன் செய்யப்பட்ட கல்மேடைகளையும் தேய்ந்த பரப்புகளையும் கண்ட அவர், அவற்றின்மேல் கிடைமட்ட உத்தரங்களைக் கிடத்திப் பெரிய மரக்கட்டடங்கள் எழுப்பப்பட்டன என்றும், ஆறாம் நூற்றாண்டிலும் அங்கு நகர வாழ்வு தொடர்ந்தது என்றும் முடிவு செய்தார். 1997இல் வெளியான அறிக்கை பெரும் வரவேற்பைப் பெற்றது. ரோமர் சென்றதும் நகரங்கள் அழிந்தன என்ற கொள்கைக்கு இது வலுவான மறுப்பாயிற்று.

2014இல் ஆலன் லேன் இதனை வன்மையாக மறுத்தார். கல்மேடைகள் என்று காட்டப்படுபவை கட்டடங்களின் அடித்தளமே என்பதற்கும், அவை ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதற்கும் போதிய சான்றில்லை என்பது அவர் வாதம். நகரெல்லையை ஒட்டி 1967இல் கிடைத்த கல்லறைக் கல் ஒன்று, ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துப் பெயருடைய ஒருவர் அங்கு நினைவுகூரப்பட்டதைக் காட்டுகிறது. ஆகவே ஆள் நடமாட்டமே இல்லை என்பதற்கில்லை. எனினும் ஒரு கல்லறைக் கல், மாளிகைகள் நிறைந்த நகருக்குச் சான்றாகிவிடாது. நம் பார்வையில், பார்க்கரின் கூர்மையைப் போற்றுவதும் அவருடைய முடிவை ஐயுறுவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

இதில் ஓர் இடர் உண்டு. அகழ்ந்த அடுக்கை மீண்டும் அகழ முடியாது. மேலடுக்கை நீக்கினால்தான் கீழடுக்குத் தெரியும். பார்க்கரும் 2001இல் மறைந்துவிட்டார். அவர் கண்ட பரப்புகளில் பெரும்பகுதி இன்று நிலத்தில் இல்லை; அவர் கல் கல்லாக வரைந்த வரைபடங்களில் இருக்கின்றது. அவரை ஏற்பவரும் மறுப்பவரும் அவ்வரைபடங்களையே விரித்துவைத்து வாதிடுகின்றனர்.