கியர் இறுக்கம்
கியர் இறுக்கம் என்பது கைமுறை கியர்ப்பெட்டி கொண்ட பழைய பிக்கப் வண்டிகளில் கியர் எளிதில் விழாத கோளாறு ஆகும். எஞ்சின் நின்றிருக்கையில் எளிதாக விழும் கியர் எஞ்சின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை எனலாம். அந்நிலையில் கியர்களை மாற்றுவது வீண்செலவே.

ஐந்து வேக எம்5ஓடி கியர்ப்பெட்டி கொண்ட போர்டு ரேஞ்சர் வண்டிகளில் கிளட்சின் துணை சிலிண்டர் உள்ளீட்டுத் தண்டைச் சுற்றிக் கூட்டினுள் அமைந்துள்ளது. ஆகவே அதன் கசிவு தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாது. கலனில் கிளட்ச் திரவம் குறைவதே முதல் அறிகுறி. கசிவைச் சரிசெய்தபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

இப்பெட்டிக்குரியது தானியங்கிக் கியர்ப்பெட்டித் திரவமாகும். பழைய வண்டிதானே என்று கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றினால், குளிரில் ஒத்திசைவு வளையங்கள் அவ்வெண்ணெய்ப் படலத்தை விரைந்து விலக்க இயலாமல் இறுக்கம் மிகும்.