சேற்றில் புதைந்த டிராக்டரை மீட்பது எப்படி?

நஞ்சையில் தொளி அடிக்கும்போது டிராக்டர் புதைந்துவிட்டால் சக்கரங்களை வீணாகச் சுழல விடக்கூடாது. அவை மேலும் ஆழத்தில் இறங்கிவிடும். முதலில் கலப்பையைக் கழற்றி, சக்கரங்களைச் சுற்றியுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றி, வண்டியை மெதுவாகப் பின்னோக்கி எடுத்துப் பார்க்க வேண்டும்.

சிலர் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஓட்டுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தானது. சக்கரம் சுழல முடியாமல் போனால் வண்டியின் முன்பக்கம் மேலெழும்பி, ஒன்றரை விநாடிக்குள் மல்லாந்துவிடும். ஓட்டுபவருக்குக் குதிக்கவும் நேரம் இராது.

அப்படியும் வராவிட்டால் இன்னொரு டிராக்டரால் இழுப்பதே நல்லது. அது கெட்டித் தரையில் நிற்க வேண்டும். புதைந்த வண்டியை, வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுப்பது எளிது. இரு வண்டிகளிலும் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே கட்டினால் இழுக்கும் வண்டியும் மல்லாந்துவிடும்.

நைலான் கயிறும் பட்டையும் இழுபடும்போது நீளும். அறுந்தால் நுனியும் கொக்கியும் குண்டுபோல் பாயும். எனவே நைந்ததையோ வெயிலில் வெளுத்ததையோ பயன்படுத்தக்கூடாது. முடிச்சுப் போட்டால் கயிற்றின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கயிற்றின் நடுவே கனமான ஈரச்சாக்கைப் போர்த்தினால், அறுந்தாலும் வேகம் தணியும்.

கயிறு 20 அடி நீளம் என்றால், மற்றவர்கள் 30 அடிக்கு அப்பால் விலகி நிற்க வேண்டும். கயிற்றைத் தாண்டுவதும் கூடாது. முதல் கியரில் கயிற்றின் தொய்வு நீங்கும்வரை மெல்ல நகர்த்தி, பிறகு சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுப்பதே பல விபத்துகளுக்குக் காரணம்.